தேயிலைப் பெட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு முழங்கால் வலித்தது. முதுகும் வலித்தது. வலது கால் மரத்துப்போய், அது தன்னுடைய கால்தானா என்றே தெரியாமல் கிடந்தது.

கம்ப்யூட்டருக்கு ஏது காலும் முதுகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்குப் போகும் வழியில் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில், ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அங்கே யாருக்குத் தெரியும்? பிச்சைமணி ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் நேரில் பார்த்தவன்.

பிச்சைமணியின் அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். தேயிலை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போவார். ஒருமுறை பள்ளிக்கூட லீவில் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பொருட்காட்சியில் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு எந்திர ராட்சசர்கள் சண்டை போட்டார்கள். வெளியே நிற்பவர் பொத்தானை அமுக்கினால் ராட்சசன் குத்துவான். இன்னொரு பொத்தானை அமுக்கினால் குனிவான். அதுதான் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றார்கள். வாயைப் பிளந்து பார்த்த பிச்சைமணி, ஊருக்கு வந்த பிறகும் வாயை மூடவில்லை. எந்நேரமும் அதே கதைதான்.

கதை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் அவனே ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டான். தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்தான். பெட்டிக்குள் ஒட்டியிருந்த பளபளப்பான ஈயத்தாளை உரித்து, அட்டையில் செய்த இரண்டு ராட்சசர்களுக்குச் சட்டை போட்டான். ஒருவன் பெயர் இரும்பன். இன்னொருவன் பெயர் தகரன். பெட்டியின் மேல்பக்கம் அவர்கள் நிற்பார்கள். முன்பக்கம் நான்கு கயிறுகள் தொங்கும். ஆளுக்கு இரண்டு கயிறு, ஒன்று அடிக்க, ஒன்று குனிய.

கயிற்றை இழுத்தால் ராட்சசன் அசைய வேண்டுமே. அங்கேதான் சிக்கல். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, எந்தக் கயிறு ஆடுகிறது என்று பார்த்து, அந்த ராட்சசனின் குச்சியை ஆட்ட வேண்டும். பிச்சைமணி உட்கார்ந்து பார்த்தான். தோள் இடித்தது. எஸ்டேட்டிலேயே ஒல்லியான ஆளைத் தேடி தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் லயத்துக்குப் போனான்.

அங்கே இருந்தவள் அழகுத்தாய், ஐந்தாம் வகுப்பு.

"உள்ள உக்காந்து ஆட்டுனாப் போதும். நீதான் கம்ப்யூட்டர்" என்றான் பிச்சைமணி.

"எனக்கு நேரம் இல்ல. வெறகு பொறுக்கப் போவணும்" என்றாள் அழகுத்தாய்.

அது சாக்கு அல்ல. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அம்மா முத்துப்பேச்சி வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறிப்பாள். மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் ஏறி இறங்கி, கூடையை முதுகில் சுமந்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வீடு திரும்புவாள். ஏழாவது நாள் உலகத்துக்கெல்லாம் லீவு. அன்று அம்மா அடுப்புக்கு விறகு தேடிக் காட்டோரம் போவாள். அம்மா பகலில் படுத்துத் தூங்கி அழகுத்தாய் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அம்மா தூங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தினமும் சாயங்காலம் ரோட்டோரம் சுள்ளி பொறுக்கிப் பார்த்தாள். சுள்ளி எந்த மூலைக்குக் காணும்?

பிச்சைமணி தலையைச் சொறிந்தான்.

"இப்பிடிச் செய்வோம். ஆட வாரவங்க ஆளுக்கொரு வெறகு கொண்டாரணும்னு சட்டம் போடுவோம். அத்தனயும் நீயே எடுத்துக்கோ."

"அப்ப ஒனக்கு?"

"எனக்குப் பேரு கெடைக்கும்லா. ஆனா ஒண்ணு. உள்ள ஆளு இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

அழகுத்தாய் சரி என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், லயத்துக் கோடியில் இருந்த காலிக் கொட்டகையில் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கியது. முதல் நாள் பையன்களும் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். இரண்டாம் நாள் அவர்களுடைய அண்ணன்மார் வந்தார்கள். மூன்றாம் நாள் வேலை விட்டு வரும் வழியில் பெரியவர்களே வரிசையில் நின்றார்கள். பகல் முழுக்க யாரோ ஏவியபடி ஏறி, இறங்கி, குனிந்து, சுமந்து களைத்தவர்கள் அவர்கள். ஒரு கயிற்றை இழுத்தால் ஒரு ராட்சசன் தாங்கள் சொன்னபடி கேட்கிறான் என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேல் டிவிஷன்காரர்கள் இரும்பன் பக்கம். கீழ் டிவிஷன்காரர்கள் தகரன் பக்கம். பொழுது சாயும் வரை ஒரே கூச்சல்தான்.

உள்ளே அழகுத்தாய் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கயிறு அசைந்தால் குச்சியை ஆட்டுவாள். ஒரு ராட்சசன் மூன்று முறை விழுந்தால் சைக்கிள் மணியை அடிப்பாள். ஒருநாள் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. வெளியே எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

"ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள காத்து அடைச்சிருக்கு" என்றான் பிச்சைமணி. எல்லோரும் நம்பினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுச் சுவரோரம் விறகு நன்றாகவே அடுக்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இம்புட்டும் எங்கட்டி பொறுக்குன?"

"அங்கன இங்கன கெடந்துச்சு" என்றாள் அழகுத்தாய்.

அம்மாவுக்கு மேலே கேட்கவும் தெம்பில்லை. "இன்னும் ஒரு கட்டு இருந்தா நாளைக்குக் காட்டுக்குப் போவேண்டாம். சரி, துணியத் தொவச்சுட்டு மத்தியானமாப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் ஒரே ஒரு கட்டு. அழகுத்தாய்க்கு அன்று தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் பெட்டிக்குள் நுழைந்து, பின்பலகையை உள்ளிருந்து கொக்கி போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எஸ்டேட்டே திரண்டு வந்திருந்தது. அடி, குனி, அடி, அடி, குனி. இரும்பன் விழுந்தான். தகரன் விழுந்தான். மணி அடித்தது. மறுபடி அடி, குனி. காலையில் குடிக்க நினைத்த கஞ்சி வீட்டிலேயே ஆறிக் கிடந்தது. ஆணி ஓட்டை வழியாகப் பார்த்தாள். கொட்டகை ஓரம் முக்கால் கட்டு விறகு சேர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொன்ராஜ் வந்து சேர்ந்தார்.

பொன்ராஜ் கீழ் டிவிஷனின் யூனியன் கன்வீனர். தொழிலாளிகளுக்கு என்ன குறை என்றாலும், பராதி என்று அவரிடம்தான் போய்ச் சொல்வார்கள். யூனியன் கூட்டத்துக்காக ஆறு நாள் கோட்டயம் போயிருந்தார். அங்கே மேடையில் ஒரு தலைவர் பேசினார். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் என்று ஒரு எந்திரம் வந்திருக்கிறது, அது நூறு பேர் வேலையை ஒண்டியாகச் செய்துவிடும், அதை ஊருக்குள் விட்டால் நூறு குடும்பம் பட்டினி என்று சொன்னார். பொன்ராஜுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் ஒரு டீ சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாதா? நம்ம எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து அஞ்சு நாளாச்சே" என்றார் கடைக்காரர்.

சொன்ன டீயைக் குடிக்காமல், பையை வீட்டில் வைக்காமல், பொன்ராஜ் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"யாருலே இதக் கொண்டாந்தது?"

"நாந்தான் மாமா. கொச்சியில பாத்தேன்" என்றான் பிச்சைமணி பெருமையாக.

"கொச்சியா. அப்பக் கப்பல்லதான் வந்திருக்கு." பொன்ராஜ் பெட்டியைச் சுற்றி வந்தார். "எத்தன பேரு வேலயப் பாக்கும் இது?"

"எத்தன பேரு வந்தாலும் பாக்கும் மாமா. இதுக்குச் சோறு வேண்டாம். லீவு வேண்டாம். காலு வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லாது."

உள்ளே அழகுத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளியே பொன்ராஜின் முகம் வெளுத்தது. அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"தோழர்களே, கேட்டீகளா? இன்னைக்கு வெளையாட்டுக் காட்டும். நாளைக்கு எல நிறுக்கும். மறுநாள் வேலைக்கு வந்தோமான்னு நமக்குப் பேரு போடும். அதுக்கு மறுநாள் நம்மள ஊருக்குப் போன்னு சொல்லும். இத இப்பவே ஆத்துல தள்ளணும். ரெண்டு பேரு வந்து தூக்குங்க."

விளையாட வந்தவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் கன்வீனர் சொன்னால் சொன்னதுதான். வேண்டாம் மாமா என்று பிச்சைமணி கெஞ்சியதும் எடுபடவில்லை. இரண்டு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

"என்ன கன்வீனரே, இந்தக் கனம் கனக்கு?"

"நூறு பேரு வேல உள்ள இருக்குல்லா. கனக்காதா?"

பெட்டி ஆடிய ஆட்டத்தில் அழகுத்தாயின் தலை பலகையில் ணங்கென்று மோதியது.  பேசாமல் இருந்தால் ஆற்றுக்குப் போக வேண்டியதுதான். அழுதுகொண்டு வெளியே வந்தாலோ, ஏமாற்றிவிட்டான் என்று பிச்சைமணிக்கு அடி விழும். விறகு போய்விடும். அம்மா கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாள்.

என்ன செய்யலாம்? அழகுத்தாய் யோசித்தாள். சாயங்காலங்களில் பொன்ராஜ் மாமா வீட்டு வாசலில் குறை சொல்ல வந்தவர்களை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். சொன்னதைக் கேட்காமல் அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

அவள் பலகையைத் தட்டினாள்.

"கன்வீனர் மாமா, எனக்கு ஒரு பராதி இருக்கு."

பெட்டியைத் தூக்கியவர்கள் அதைத் தொப்பென்று கீழே போட்டார்கள். கூட்டம் நாலடி பின்வாங்கியது. பொன்ராஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். பராதி என்ற சொல் காதில் விழுந்தால் அவருடைய கை தானாகவே சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிடும். குறை எழுதும் நோட்டும் கூடவே வந்துவிடும். இருபது வருஷப் பழக்கம்.

"பேரு?" என்றார்.

"அழகுத்தாய்."

"எந்த டிவிஷன்?"

"கீழ் டிவிஷன். ஏழாம் லயம்."

"என்ன பராதி, சொல்லு."

"ஆறு நாளா வேல செய்யுதேன். இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு உள்ள வந்தது. கஞ்சி குடிக்க நேரம் விடல. உள்ள இருட்டு. மூச்சு முட்டுது. காலும் முதுகும் வலிக்கு. ஞாயித்துக்கெழம லீவும் இல்ல."

"லீவு இல்லையா? அது சட்டப்படித் தப்பாச்சே" என்று எழுதிக்கொண்டே வந்த பொன்ராஜின் பென்சில் நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு எப்பிடி லயம் வந்துச்சு?"

பின்பலகை திறந்தது. தலைமுடியெல்லாம் ஈயத்தாளோடு அழகுத்தாய் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். மரத்துப்போன கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலடி தள்ளி நின்ற கூட்டம் மெல்ல நெருங்கி வந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். இன்னொருவருக்குக் கோபம் வந்தது.

"அப்ப இத்தன நாளும் நம்மள முட்டாளாக்கியிருக்கான். ஏலே பிச்சைமணி, எங்க வெறகத் திருப்பிக் குடு."

பிச்சைமணியின் உதடு துடித்தது. இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொன்னால் அழுதுவிடுவான்.

"அவன் ஏமாத்தல" என்றாள் அழகுத்தாய் உட்கார்ந்தபடியே. "இழுத்தா அடிக்கும்னான். அடிச்சுதா இல்லையா? குனியும்னான். குனிஞ்சுதா இல்லையா? நான் ஒரு தடவயாவது மாத்தி ஆட்டினேனா, சொல்லுங்க."

எல்லோரும் யோசித்தார்கள். உண்மையில் ஒருமுறைகூட அவள் மாற்றி ஆட்டியதில்லை. மேல் டிவிஷனுக்கு ஒரு நியாயம், கீழ் டிவிஷனுக்கு ஒரு நியாயம் என்று பார்த்ததும் இல்லை.

"வியாழக்கெழம ஒரு தடவ மணி லேட்டா அடிச்சுது" என்றார் ஒருவர்.

"அப்பத் தும்மல் வந்துச்சு மாமா. ஒரு கைதான சும்மா இருந்துச்சு, அத வச்சு மூக்கப் பொத்திக்கிட்டேன்."

இப்போது கோபப்பட்டவரும் சிரித்துவிட்டார். பொன்ராஜ் கையை உயர்த்தினார்.

"வேல நடந்திருக்கு. வேலைக்குக் கூலிதான் வெறகு. அதத் திருப்பிக் கேக்க யாருக்கும் உரிம கெடையாது. ஆனா இனிமே இந்தப் புள்ள பெட்டிக்குள்ள உக்காராது. ஆட்டம் இத்தோட முடிஞ்சுது."

வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர்களுடைய ஏமாற்றத்தைப் பார்க்க அழகுத்தாய்க்கே பாவமாக இருந்தது. அவள் வேலை செய்தது போதும் என்றுதான் நினைத்தாள். ஆட்டம் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

"மாமா, ஆட்டம் நிக்க வேண்டாம். தோத்தவங்க உள்ள உக்காரட்டும். மூணு ஆட்டம் ஆட்டுனா வெளிய வந்துரலாம். பின்பலகையக் கழத்திட்டா காத்தும் வரும், பெரியவங்களும் காலை நீட்டி உக்காரலாம்."

பொன்ராஜ் நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினார். கடைசியில் ஒப்பந்தம் என்று தலைப்பும் போட்டார். நிமிர்ந்து கேட்டார்.

"முதலாளி சம்மதிக்கணுமே. சம்மதமா?"

எல்லோரும் பிச்சைமணியைப் பார்த்தார்கள். முதலாளி மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"அப்ப இன்னைக்கு மொத ஆட்டத்துக்கு முதலாளிதான் உள்ள போவணும்" என்றார் பொன்ராஜ்.

பின்பலகையைக் கழற்றினார்கள். பிச்சைமணி மடங்கி மடங்கி உள்ளே போனான். அப்போதுதான் விறகுக் கயிறும் வெட்டுக்கத்தியுமாக முத்துப்பேச்சி அந்த வழியே வந்தாள்.

"ஏட்டி, கஞ்சிகூடக் குடிக்காம காலைல இருந்து எங்க போன? தேடித் தேடிக் காலு ஓஞ்சுபோச்சு."

"முத்துப்பேச்சி, இத்தன நாளும் கம்ப்யூட்டரா இருந்தது ஒம் மகதான்" என்றார் பொன்ராஜ். நடந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அம்மாவின் கண்கள் கொட்டகை ஓரம் இருந்த விறகின் மேல் நின்றன. வீட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்ததும் அவளுக்கு நினைவு வந்தது. மகள் மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மகளின் தலையிலிருந்த ஈயத்தாளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இதுக்காகவாட்டி இந்தப் பெட்டிக்குள்ள கெடந்த?"

"இன்னும் கொஞ்சந்தான் கொறையுது. நீ இன்னைக்குப் போவேண்டாம்மா."

அதைக் கேட்டு வரிசையில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்து, தன் கையிலிருந்த விறகைக் குவியலில் போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் போட்டார். ஆட்டம் ஆடாமலேயே ஒவ்வொருவராக வந்து போட்டுவிட்டுப் போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். கட்டு நிறைந்து, அதற்கு மேலும் சேர்ந்தது.

"கத்தியக் கீழ வையி தங்கச்சி. உக்காந்து ஒரு ஆட்டம் ஆடு" என்றார் பொன்ராஜ்.

அம்மா தயங்கித் தயங்கி ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். தகரனின் கயிற்றைப் பிடித்தாள். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு அழகுத்தாய் இரும்பனின் கயிற்றைப் பிடித்தாள். ஆறு நாளாக அவள் அந்தச் சண்டையை நடத்தியிருக்கிறாள். முன்பக்கம் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொட்டகைக்குள் விழுந்த வெயிலில் இரண்டு ராட்சசர்களும் வெள்ளி போல மின்னினார்கள். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

தகரன் குத்தினான். இரும்பன் விழுந்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து இரும்பன் குத்தினான். தகரன் குனிந்தான். மறுபடி இரும்பன் குத்தினான். தகரன் விழுந்தான். அழகுத்தாய்க்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை விழுந்தால் அம்மா தோற்றுவிடுவாள். விழுந்த தகரனைத் தூக்கி நிறுத்தினான் பிச்சைமணி. ஆனால் தகரன் குத்தவும் இல்லை, குனியவும் இல்லை. சும்மா நின்றான்.

அழகுத்தாய் திரும்பிப் பார்த்தாள். அம்மா கையில் கயிற்றைப் பிடித்தபடி, கொட்டகைத் தூணில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப்போயிருந்தாள்.

அழகுத்தாய் தன் கயிற்றைக் கீழே விட்டாள்.

பெட்டிக்குள்ளிருந்து பிச்சைமணியின் குரல் வந்தது. "யாராவது கயித்த இழுங்க. கைய ஒசத்தி வச்சே தோளு கடுக்கு."

"மெதுவாப் பேசு. எங்கம்மா தூங்குது" என்றாள் அழகுத்தாய்.

"அப்ப யாரு ஜெயிச்சது?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"எங்கம்மாதான்."

பொன்ராஜ் வரிசையைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். அத்தனை பேரும் சத்தமில்லாமல் புல்லில் உட்கார்ந்தார்கள். சிலர் காலை நீட்டினார்கள். சிலர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார்கள். மணி நாலாகும் வரை இரும்பனும் தகரனும் சண்டை போடவில்லை.